மூன்றாவது விலைமனு

கீரி, மன்னார்
11.02.2024

அன்புள்ள மகள் றஞ்சிதாவுக்கு,

நீ சுகமாய் இருக்கவேண்டும் என்று மடு மாதாவிடம் கேட்டுக்கொண்டு தொடங்குகிறேன். எனக்கு முழங்கால் நோவு. மாமாவுக்கு ஒரு வருத்தமும் இல்லை, அவரால் எனக்குத்தான் வருத்தம்.

போன் இருக்கும்போது மாமி ஏன் மின்னஞ்சல் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். உன்னோடு இனி வாழமாட்டேன் என்று நான் பெற்ற அலெக்ஸ் போன வருடம் மெல்பேணில் இருந்து சொன்ன பிறகு, நீயும் நானும் போன் எடுக்கும்போதெல்லாம் நீ அழுவாய், நான் அழுவேன், எடுத்த விசயம் அப்படியே கிடக்கும். நான் காலமெல்லாம் மன்னார்க் கச்சேரியில் அரசாங்கத்துக்குத் தட்டச்சு செய்தவள். எழுதினால் அழமாட்டேன்.

விசயம் இதுதான். வீட்டுக்குப் பின்னால் கட்டிய இரண்டு அறைகளுக்கும் பறவை பார்க்க வருபவர்களும், பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்க வருபவர்களும் இப்போது ஓரளவு வருகிறார்கள். ஆனால் எல்லாரும் ஒரு வெளிநாட்டு இணையத்தளத்தின் வழியாகத்தான் அறை பதிகிறார்கள். நூறு ரூபாய் வந்தால் பதினெட்டு ரூபாயை அவன் எடுத்துவிடுகிறான். அறையைக் கூட்டுவது நான், மீன் பிடித்துக் கொடுப்பது மாமா, பதினெட்டு ரூபாய் அவனுக்கு. ஆகவே எங்களுக்கென்று சொந்தமாக ஒரு தளம் வேண்டும். ஓய்வு பெறும்போது கிடைத்த காசில் ஒன்றரை இலட்சம் ஒதுக்கியிருக்கிறேன்.

மூன்று விலைமனு இல்லாமல் கச்சேரியில் கூட்டுகிற தும்புத்தடிகூட வாங்கமாட்டோம் என்பது உனக்குத் தெரியும். கொழும்பு நிறுவனம் ஒன்றும் மன்னார்க் கடை ஒன்றும் தந்தவற்றைத் தட்டச்சு செய்து இதோடு அனுப்புகிறேன். மூன்றாவது விலைமனுவை உன்னிடம் கேட்கிறேன். தளம் செய்வதுதானே உன் தொழில்.

உனக்கும் அலெக்ஸுக்கும் நடக்கும் வழக்கு எந்த அளவில் இருக்கிறது என்று கேட்கவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். அது முடிந்த பிறகு நீ எனக்கு யார் என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பயம் எனக்கு இருக்கிறது.

மாமா உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னார்.

உன் மாமி,
அன்ரோனெற்

*

வெள்ளவத்தை, கொழும்பு
15.02.2024

அன்புள்ள மாமி,

நான் சுகம். முழங்காலுக்கு எண்ணெய் பூசுங்கள், படிக்கட்டில் ஏறி இறங்காதீர்கள். மாமாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தளத்தின் பெயரைப் பதிவு செய்ய வருடத்துக்கு ஆறாயிரம். தளம் இருக்கும் கணினிக்கு வாடகை வருடத்துக்குப் பதினாலாயிரம். இந்த இருபதாயிரமும் வெளியே கட்டவேண்டியது, என்னால் குறைக்க முடியாது. வடிவமைப்புக்கு ஒன்றும் வேண்டாம். சனி, ஞாயிறுகளில் செய்து தருகிறேன்.

வீட்டின் பெயரை எப்படிப் பதிவது என்று நீங்கள் சொல்லுங்கள். அந்த இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன்.

அன்புடன்,
றஞ்சிதா

*

கீரி
21.02.2024

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் கண்டு சந்தோசம், உன் விலைமனுவைக் கண்டு கோபம். சுகமாய் இருக்கிறாய் என்று ஒரு வரியில் எழுதினால் எனக்கு எப்படித் தெரியும்? சாப்பிடுகிறாயா? நீ இருக்கும் அந்த அறையில் இன்னும் தண்ணீர் ஒழுகுகிறதா?

ஒன்றும் வேண்டாம் என்று எழுதியதை விலைமனுவாக எடுக்க முடியாது, மகள். பாலம் கட்டப் பத்து ரூபாய் போதும் என்று ஒருவன் வந்தால் அவனைத்தான் முதலில் துரத்துவோம். வேலை தெரியாதவன் அல்லது கள்ளன். நீ இரண்டும் இல்லை. உன் வேலைக்கு என்ன பெறுமதியோ அதைப் பிரித்துப் பிரித்து எழுது. உன் சனி, ஞாயிறுகளை எனக்குத் தானம் செய்ய நீ என்ன சகோதரியா, கன்னியர் மடத்தில் இருக்கிறாயா?

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. விலைமனுவைத் தெரிவு செய்யும் குழுவில் இருப்பவர்கள், விண்ணப்பித்தவர் எங்களுக்கு உறவில்லை என்று ஒரு தாளில் கையெழுத்து வைக்கவேண்டும். உறவுக்காரருக்கு வேலை கொடுக்கக் கூடாது. குழுவில் நானும் மாமாவும்தான். இதை நான் மாமாவிடம் சொல்ல அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “என்ர மருமோளுக்கு வேலை குடுக்க நான் ஆரிட்டக் கையெழுத்து வேண்ட வேணும்? உன்ர கச்சேரிய மூடிப்போட்டு வந்து சோத்தைப் போடு.”

நல்ல விலைமனுவாக அனுப்பு.

உன் மாமி,
அன்ரோனெற்

*

வெள்ளவத்தை
02.04.2024

அன்புள்ள மாமி,

உயிர்த்த ஞாயிறு வாழ்த்துகள், உங்களுக்கும் மாமாவுக்கும். பதில் எழுதப் பிந்தியதற்கு மன்னியுங்கள். நான் சுகமாய்த்தான் இருக்கிறேன்.

நீங்கள் கேட்டபடி முழு விலை. பெயருக்கு ஆறாயிரம், கணினி வாடகைக்குப் பதினாலாயிரம், வடிவமைப்புக்கு எழுபத்தையாயிரம், அறை பதியும் பகுதிக்கு முப்பதாயிரம், தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதுவதற்குப் பதினையாயிரம், படம் எடுக்க ஆள் அனுப்ப இருபதாயிரம். மொத்தம் ஒரு இலட்சத்து அறுபதாயிரம். எந்த வாடிக்கையாளருக்கும் இதைத்தான் சொல்லுவோம்.

உறவைப் பற்றிய தாளில் நீங்கள் யோசிக்காமல் கையெழுத்து வைக்கலாம். மார்ச் மாதம் தீர்ப்பு வந்துவிட்டது. சட்டப்படி இப்போது எனக்கும் உங்கள் குடும்பத்துக்கும் ஒரு உறவும் இல்லை.

இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் இவ்வளவு நாள் எழுதவில்லை.

றஞ்சிதா

*

கீரி
05.05.2024

அன்புள்ள மகளுக்கு,

நலமா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. நலமாய் இரு.

தீர்ப்பு வந்ததை உன் கடிதத்தில்தான் அறிந்தேன். அலெக்ஸ் ஒவ்வொரு ஞாயிறும் போன் எடுக்கிறான், மழை பெய்ததா, அறைக்கு ஆள் வந்ததா என்று கேட்கிறான், இதைச் சொல்லவில்லை. உன் கடிதத்தை மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் எழும்பி வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அன்று ஞாயிற்றுக்கிழமை. இந்தக் கரையில் ஒருவரும் கடலுக்குப் போகாத நாளில் வலையோடு எங்கே போகிறார் என்று நான் கேட்கவில்லை. பொழுதுபட வந்தார். வாசலில் இருந்த ‘அலெக்ஸ் இல்லம்’ என்ற பலகையைக் கழற்றி மாட்டுக் கொட்டிலுக்குள் வைத்தார். பிறகு சோறு கேட்டார்.

எனக்கு உன்மேல் கோபம் வந்தது, மகள். ஒரு உறவும் இல்லை என்று எழுத உனக்குக் கை எப்படி வந்தது? பிறகு யோசித்தேன். நீ எழுதியது சரிதான், சட்டம் அதைத்தான் சொல்கிறது. சரியானதை எழுதியவளோடு எப்படிக் கோபிப்பது? அதனால்தான் இந்த ஒரு மாதமும் எழுதவில்லை.

இப்போது தீர்மானத்தை அறிவிக்கிறேன். மூன்றாவது விலைமனு ஏற்றுக்கொள்ளப்பட்டது. படத்துக்கான இருபதாயிரத்தை வெட்டிவிடு, என் போனிலேயே எடுத்து இதோடு அனுப்புகிறேன். ஒரு இலட்சத்து நாற்பது உனக்கு. மிச்சம் பத்தாயிரத்தில் புதுப் பலகை. வெறுமையாக விட்ட இடத்தில் ‘கீரி இல்லம்’ என்று எழுது.

உறவில்லை என்ற தாளில் நான் கையெழுத்து வைக்கமாட்டேன். மாமாவும் வைக்கமாட்டார். ஆகவே இந்த வேலையைச் சட்டத்துக்கு மாறாகத்தான் உனக்குத் தருகிறேன். இப்படி நான் செய்வது இதுதான் முதல் தடவை.

உன் மாமி,
அன்ரோனெற்

*

வெள்ளவத்தை
10.05.2024

அன்புள்ள மாமி,

சுகமாய் இருக்கிறேன், இந்த முறை பொய் இல்லை. உங்கள் கடிதத்தைக் கந்தோரில் வைத்து வாசித்துவிட்டு முகம் கழுவப் போனேன்.

முதல் தடவை என்று எழுதியிருக்கிறீர்கள். அது உண்மையா, மாமி? நீங்கள் அனுப்பிய மற்ற இரண்டு விலைமனுக்களையும் திரும்ப எடுத்துப் பார்த்தேன். ஒரு முறை காசு கட்டினால் பெயர் வாழ்நாள் முழுவதும் உங்களுடையது என்று இரண்டிலும் இருக்கிறது, உறுதி எழுதிக் காணி வாங்குவது போல. உலகத்தில் யாரும் அப்படி விற்பதில்லை. வருடா வருடம் புதுப்பிக்கவேண்டும், மறந்தால் வேறு ஆள் எடுத்துவிடுவான். கணினி வாடகையை இரண்டு பேருமே எழுத மறந்திருக்கிறார்கள். அதோடு கொழும்பு நிறுவனமும் மன்னார்க் கடையும் ‘மேற்படி விடயம் தொடர்பாகத் தங்களின் மேலான கவனத்துக்கு’ என்று ஒரே மாதிரித் தொடங்குகின்றன. இணையத்தளம் செய்யும் பொடியன்கள் அப்படித் தமிழ் எழுதி நான் கண்டதில்லை.

அந்த இரண்டு விலைமனுக்களும் இல்லவே இல்லை, அப்படித்தானே? என்னோடு கதைக்க உங்களுக்கு ஒரு சாட்டு வேண்டியிருந்தது. எனக்கும் வேண்டியிருந்தது மாமி, என்னால்தான் அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

படங்கள் கிடைத்தன. யன்னலைவிட உங்கள் பெருவிரல்தான் நன்றாகத் தெரிகிறது. எங்கள் கந்தோரில் கபிலன் என்று ஒருவர் வேலை செய்கிறார், நல்லாகப் படம் எடுப்பார். முருங்கன் பக்கம் ஊர். அடுத்த மாதம் வீட்டுக்குப் போகும் வழியில் கீரிக்கு வந்து எடுத்துத் தருவார். காசு வேண்டாமாம்.

மாமாவிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
றஞ்சிதா

*

கீரி
17.06.2024

அன்புள்ள மகளுக்கு,

எல்லாரும் சுகம், காற்றுத்தான் வீட்டைத் தூக்குகிறது. அறைகள் இரண்டிலும் ஆள்.

கள்ள விலைமனுவைப் பற்றி இனி யாரும் கதைக்கவேண்டாம். ஓய்வூதியத்தை வெட்டிவிடுவார்கள்.

உன் கபிலன் வந்தான். உன் கந்தோர்க் கபிலன் என்று எழுத நினைத்தேன். அவர்களுடைய வீட்டில் வயல்தானாம், கடலைக் கண்டால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். மாமா விடுவாரா? “தம்பி, கரையில நிண்டு என்னத்தைப் படம் பிடிக்கப் போறீர், ஏறும்” என்று வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போனார். போனவன் காலையில் சாப்பிட்ட பிட்டு முழுவதையும் கடலுக்குக் கொடுத்துவிட்டு வந்தான். ஆனால் படம் எடுப்பதை நிறுத்தவில்லை. மாமாவுக்கு அது பிடித்துவிட்டது. கரைக்கு வந்தபின் மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டான். எனக்கு அது பிடித்துவிட்டது. வாசலில் எடுத்த படத்தில் எங்கிருந்தோ ஒரு கழுதை வந்து நடுவில் நின்றது, துரத்தப் போனேன், நிற்கட்டும் என்றான்.

படம் எடுத்து முடிந்த பிறகும் அரை நாள் இருந்தான். கிணற்று வாளியின் கயிற்றை மாற்றிக் கட்டினான். உன் பெயரை நான் சொல்லும்போதெல்லாம் கமராவைத் துடைத்தான். துடைத்துத் துடைத்து அது தேய்ந்திருக்கும்.

ஒன்று சொல்கிறேன், கோபிக்காதே. கொழும்பில் இருந்து வருகிறவன் முருங்கனில் இறங்கினால் வீடு. கீரிக்கு வருவதென்றால் அதைத் தாண்டி, பாலத்தையும் தாண்டி, தீவுக்குள் வந்து, திரும்பப் போகவேண்டும். இது எப்படி அவனுக்கு வழியானது?

நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க எனக்கு உரிமை இருக்கிறதோ என்றும் தெரியவில்லை.

உன் மாமி,
அன்ரோனெற்

*

வெள்ளவத்தை
25.06.2024

அன்புள்ள மாமி,

நான் நலம். உங்கள் இருவரின் நலமும் அறிந்து சந்தோசம்.

தளம் முடிந்துவிட்டது, வெள்ளிக்கிழமை திறந்துவிடுவேன். ஒருவர் அறை பதிந்தால் உங்கள் போனுக்குத் தகவல் வரும். இரண்டு அறையும் நிரம்பினால் அது தானாகவே மூடிக்கொள்ளும். கழுதை நிற்கும் படத்தைத்தான் முகப்பில் போட்டிருக்கிறேன். காசு முழுவதும் கிடைத்தது, பற்றுச்சீட்டை இதோடு அனுப்புகிறேன்.

வேறு விசேடம் ஒன்றும் இல்லை.

அன்புடன்,
றஞ்சிதா

*

கீரி
18.08.2024

அன்புள்ள மகளுக்கு,

மடுத் திருவிழாவுக்குப் போய் வந்து காலை நீட்டிக்கொண்டு எழுதுகிறேன். உனக்காக ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன். சுகமாய் இருக்கிறாயா? இரண்டு மாதமாக உன் எழுத்தைக் காணவில்லை.

தளம் நல்லாக ஓடுகிறது. போன கிழமை கண்டியில் இருந்து ஒரு குடும்பம் நேராக அதில் பார்த்து வந்தது. முழுக்காசும் எங்களுக்கே. அந்தப் பதினெட்டு ரூபாய் கையில் மிஞ்சியபோது மாமா அதை எண்ணிப் பார்த்துவிட்டு, “இவ்வளவு நாளும் இதை ஆர் திண்டவன்?” என்றார். வந்த பிள்ளைகள் இறங்கியதும் கழுதை எங்கே என்று கேட்டார்கள்.

போன கடிதத்தில் தளம் இருந்தது, பற்றுச்சீட்டு இருந்தது, கழுதைகூட இருந்தது. கபிலன் இல்லை. வேறு விசேடம் ஒன்றும் இல்லை என்று கடைசியில் ஒரு வரி இருந்தது. காலமெல்லாம் கடிதம் தட்டச்சு செய்தவளுக்கு அந்த வரி தெரியும், மகள். ஏதோ இருக்கும்போதுதான் அப்படி எழுதுவார்கள்.

நீயாகச் சொல்லும்வரை பொறுத்திருப்பேன். ஆனால் எனக்கு அறுபத்தொரு வயது, பொறுமை குறைவு.

உன் மாமி,
அன்ரோனெற்

*

வெள்ளவத்தை
01.09.2024

அன்புள்ள மாமி,

உங்களுக்கும் மாமாவுக்கும் சுகம் வேண்டுகிறேன். எனக்கு உடம்பு சுகம், மனம்தான் ஒரு நிலையில் இல்லை.

நீங்கள் நினைத்தது சரி. கபிலனும் நானும் கலியாணம் செய்ய விரும்புகிறோம். இதை உலகத்தில் யாருக்குச் சொன்னாலும் உங்களுக்கு மட்டும் எப்படிச் சொல்வேன் என்றுதான் இரண்டு மாதமும் போனது. அவரைக் கீரிக்கு அனுப்பியது படம் எடுக்க மட்டும் இல்லை. உங்களை அவர் ஒருமுறை பார்க்கவேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. சொல்லாமல் செய்தது பிழை.

கபிலனின் அப்பா பாலசிங்கம், அம்மா சிவலட்சுமி. சமயம் வேறு, எனக்கு இது இரண்டாவது கலியாணம், இரண்டையும் அவர்கள் மெல்ல மெல்ல விழுங்கிவிட்டார்கள். ஒன்றில்தான் நிற்கிறார்கள். “பொம்பிளை வீட்டில போய்க் கதைக்காம எப்பிடிச் செய்யிறது? ஆரோட கதைக்கிறது?” என்று அவருடைய அம்மா கேட்கிறார். அவர் கேட்பதில் பிழை இல்லை, அது முறைதானே. எனக்குத்தான் காட்ட ஒரு வீடு இல்லை. அம்மா கண்ணை மூடிவிட்டா. அப்பா வவுனியாவில் புதுக் குடும்பத்தோடு இருக்கிறார், போன் எடுத்தேன். “ஒருக்காக் கட்டிக் குடுத்தது காணும்” என்று சொல்லி மறுத்துவிட்டார். ஆட்கள் யாரும் இல்லை என்று வீட்டில் சொல்லும்படி கபிலனிடம் சொல்லியிருக்கிறேன்.

இந்த நிலையில் உங்கள் தளத்தை நான் பார்த்துக்கொள்வது உங்களுக்குச் சங்கடமாக இருக்கும். அலெக்ஸ் கட்டிய அறைகள் அவை. வேறு ஒரு நம்பிக்கையான ஆளை ஒழுங்கு செய்து, கடவுச்சொற்கள் எல்லாவற்றையும் உங்களிடம் தந்துவிடுகிறேன். முதல் வருடம் கட்டியாயிற்று, அடுத்த வருடம் ஜூன் மாதம் பெயரைப் புதுப்பிக்க மறக்கவேண்டாம்.

நீங்கள் எனக்குச் செய்த எல்லாவற்றுக்கும் நன்றி, மாமி.

றஞ்சிதா

*

கீரி
08.09.2024

அன்புள்ள மகளுக்கு,

சுகமாய் இரு. நான் சுகமில்லை. ஒரு கிழமையாய் அழுதேன், இப்போது முடிந்துவிட்டது.

உள்ளதைச் சொல்கிறேன். அலெக்ஸ் ஒருநாள் மனம் மாறுவான், நீ திரும்ப இந்த வீட்டுக்கு வருவாய் என்று எனக்குள்ளே ஒரு ஆசை இருந்தது. தீர்ப்பு வந்த பிறகும் இருந்தது. உன் கடிதம் அதை முடித்துவிட்டது. மாதா கோயிலில் வைத்துச் செய்ய முடியாதே என்பதும் எனக்குத் துக்கம், அதை மறைக்கமாட்டேன். பங்குத்தந்தையிடம் போய்ச் சொன்னேன். பிள்ளைக்காக மன்றாடுங்கள் என்றார். எந்தப் பிள்ளைக்காக என்று சொல்லவில்லை, நான் உனக்காக மன்றாடினேன்.

அலெக்ஸிடமும் சொன்னேன். “அவளின்ர கலியாணத்துக்கு நீங்கள் ஏன் ஓடித்திரியிறியள்? என்ர காசில கட்டின வீட்டில அவளுக்கு என்ன வேலை?” என்று கேட்டான். அறை இரண்டும் உன் காசு, வீடு உன் அப்பாவின் கடல் காசு, எந்த வாசலால் யார் வருவது என்று அப்பாதான் சொல்லுவார் என்றேன். போனை வைத்துவிட்டான். இந்த ஞாயிறு எடுக்கவில்லை. எடுப்பான், அவனும் என் பிள்ளைதானே. எடுக்கும்வரை எனக்கு நெஞ்சு எரியும், அது என் பாடு.

கடவுச்சொல் ஒன்றும் எனக்கு வேண்டாம். வருடா வருடம் கட்டும் காசை உனக்குத்தான் கட்டுவேன்.

ஆட்கள் யாரும் இல்லை என்று கபிலனிடம் சொல்லியிருக்கிறாயே. அதை முதலில் திருத்து. பாலசிங்கம் அண்ணையையும் சிவலட்சுமி அக்காவையும் கீரிக்கு வரச் சொல். உறவில்லாத ஆளாக நான் இருந்தால் இப்படிக் கூப்பிடுவேனா? வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், சைவ ஆட்கள் மீன் மச்சம் சாப்பிடமாட்டார்கள். இருபத்தெட்டாம் திகதி சனிக்கிழமை வரட்டும். நீ வரவேண்டாம். முதல் பேச்சு பெரியவர்கள் பேசுவது.

ஓமோ இல்லையோ, அதை மட்டும் போனில் சொல். நீயும் அழாதே, நானும் அழமாட்டேன்.

உன் மாமி,
அன்ரோனெற்

*

கீரி
30.09.2024

அன்புள்ள மகளுக்கு,

நீ போனில் ஓம் என்று சொன்னதோடு இருக்கிறாய், நெருப்பில் நிற்பாய் என்று தெரியும். ஆனால் இதைப் போனில் சொல்ல என்னால் ஏலாது. எல்லாரும் சுகம் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன்.

தளத்தில் ஒரு அறையைப் பூட்டி வைத்தேன், அவர்கள் வெயிலில் வந்து சற்றுச் சாயட்டும் என்று. விடியவே மாமா கொண்டுவந்த நண்டில் குழம்பு, இறால் பொரியல், விளைமீன் சொதி. வெள்ளிக்கிழமையைத் தவிர்த்து நாள் குறித்த என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு இலை போட்டேன். சிவலட்சுமி அக்கா இலையைப் பார்த்தா, பாலசிங்கம் அண்ணையைப் பார்த்தா. அண்ணை கூரையைப் பார்த்தார். கபிலன்தான் மெல்லச் சொன்னான், “ஆன்ரி, இண்டைக்குப் புரட்டாதிச் சனி. அம்மாவும் அப்பாவும் விரதம்.”

எனக்குத் தலை சுற்றியது, மகள். வெள்ளியை மட்டும் அறிந்தவளுக்குப் புரட்டாதியில் சனியும் இருக்கிறதென்று யார் சொன்னார்கள்? குசினிக்குள் ஓடி அரிசியைக் கழுவினேன். பின்னாலேயே அக்கா வந்து சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, “புதுச் சட்டி ஏதும் கிடக்கோ?” என்று கேட்டா. விருந்துக்கென்று வாங்கி இன்னும் நெருப்பில் வைக்காத சட்டிகள் இருந்தன. இரண்டு பேருமாய்ப் பருப்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும் வைத்தோம். நண்டு முழுவதையும் கபிலன் சாப்பிட்டான், அம்மாவின் முன்னாலேயே. பிள்ளைக்கு விரதம் இல்லையாம்.

சாப்பிட்டு முடிய விறாந்தையில் கதிரை போட்டோம். அக்கா நேராகக் கேட்டா. குத்திக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டா. “குறை நினைக்காதேங்கோ. நீங்கள் அந்தப் பிள்ளைக்கு மாமியா இருந்தனீங்கள். அது முடிஞ்சுது. இப்ப நாங்கள் உங்களோட சம்பந்தம் பேசுறதெண்டால், நீங்கள் என்ன முறை?”

இதே கேள்வியைத்தானே வருடம் முழுவதும் நான் என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மாமி என்று சொல்ல முடியாது. அம்மா என்று சொல்ல, உன்னைப் பெற்றவளிடம் பறித்த மாதிரி இருக்கும். தெரிந்தவர்கள் என்று சொல்ல நாக்கு வரவில்லை.

மாமா தூணோடு நின்றுகொண்டிருந்தார். அவர்தான் சொன்னார். “நாங்கள் பொம்பிளை வீட்டுக்காரர். கேக்க வேண்டியதை எங்களிட்டக் கேளுங்கோ.”

அக்கா “சரி” என்று சொல்லி, கலியாணப் பதிவு எங்கே வைப்பது, எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்கத் தொடங்கினா. ஒவ்வொன்றுக்கும் மாமா பதில் சொன்னார். அடுத்த மாதம் நாங்கள் முருங்கனுக்குப் போகவேண்டும், நீயும் வந்து எங்களோடு சேர்ந்து போகவேண்டும்.

அலெக்ஸுக்கு உன்னைக் கேட்டு வந்த நாளில், மாப்பிள்ளையின் தகப்பன் என்று மாமா உங்கள் வீட்டில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு இருந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். இந்த முறை கதிரை பக்கத்தில் கிடந்தது. பாலசிங்கம் அண்ணை இரண்டு தரம் “இருங்கோவன்” என்றார். அவர்கள் எழும்பிப் போகும்வரை மாமா அதில் இருக்கவில்லை.

சுகமாய் இரு, மகள். நேரத்துக்குச் சாப்பிடு.

அன்ரோனெற்